விழுமியப் பட்டியல் போட்டாயிற்று, வேலையில் அதை வைத்து என்ன செய்வது?

காகிதக்கப்பல்:
விழுமியப் பட்டியல் ஒன்றை எடுத்து டிக் அடித்தால் இருபத்தைந்து தேறுகிறது. நேர்மை, குடும்பம், வளர்ச்சி, சுதந்திரம், மரியாதை... எதையும் வெட்ட மனசு வரவில்லை. எப்படியோ ஐந்தாகச் சுருக்கினாலும் திங்கட்கிழமை காலை வேலையில் எதுவும் மாறுவதில்லை. உண்மையிலேயே என்னுடையது எது என்று பிரித்தெடுக்க ஒழுங்கான முறை உண்டா? பிரித்த பிறகு அன்றாட வேலையில் எப்படிப் புகுத்துவது? தத்துவம் வேண்டாம், செய்முறை வேண்டும்.

அளவுகோல்:
கோளாறு டிக் அடிப்பதில்தான். டிக் அடிக்க எதையும் இழக்க வேண்டியதில்லை, அதனால் எல்லாமே தேறிவிடும். உளவியலாளர் மில்டன் ரோக்கீச், விழுமியங்களை அளக்க உருவாக்கிய பழைய கருவியில் 18 இலக்கு விழுமியங்கள் (வாழ்வில் எட்ட விரும்பும் நிலைகள்), 18 நடத்தை விழுமியங்கள் (நடந்துகொள்ளும் விதங்கள்). ஒவ்வொரு தொகுதியையும் 1 முதல் 18 வரை வரிசைப்படுத்தச் சொல்வார். ஒன்றை மேலே ஏற்றினால் இன்னொன்று கீழே இறங்கியே ஆக வேண்டும்.

தனியாகச் செய்ய சீட்டு முறை எளிது. உளவியலாளர் வில்லியம் மில்லரின் குழு 2001-இல் வெளியிட்ட விழுமியச் சீட்டுத் தொகுப்பில் 83 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், அடியில் ஒரு வரி விளக்கம். நீங்கள் 50, 60 எழுதிக்கொண்டால் போதும். நாலைந்து வெற்றுச் சீட்டும் இருக்கட்டும், பட்டியலில் இல்லாதது நினைவுக்கு வரும். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: மிக முக்கியம், முக்கியம், முக்கியமில்லை. சீட்டுக்கு ஐந்து விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் யோசித்தால் எது நல்ல பெயர் தரும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். முதல் குவியலை மறுபடி மறுபடி பிரித்து எட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த எட்டை ஜோடி ஜோடியாக மோதவிடுங்கள். மொத்தம் 28 ஜோடி, அரை மணி நேர வேலை. கேள்வி ஒன்றே: "இது இருந்து அது இல்லாத வேலை, அது இருந்து இது இல்லாத வேலை. எதில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பேன்?" வென்றதற்கு ஒரு கோடு. அதிகக் கோடு வாங்கிய நான்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் 'சுதந்திரம்' 'பாதுகாப்பை' வெல்லும், 'பாதுகாப்பு' 'கற்றலை' வெல்லும், 'கற்றல்' திரும்பி வந்து 'சுதந்திரத்தை' வெல்லும். அப்படிச் சுற்றினால் பெரும்பாலும் ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கும். 'சுதந்திரம்' என்பது நேரத்தை நானே தீர்மானிப்பதா, வேலை செய்யும் முறையை நானே தீர்மானிப்பதா? இரண்டு சீட்டாகப் பிரித்துவிட்டு மறுபடி மோதவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து முதல் முடிவைப் பார்க்காமல் மொத்தத்தையும் திரும்பச் செய்யுங்கள். இரண்டு முறையும் வந்ததை நம்பலாம்.

கடைசியில் இரண்டு வடிகட்டி. முடித்துவிட முடிந்தால் அது இலக்கு, விழுமியம் இல்லை. பதவி உயர்வு கிடைத்ததும் தீர்ந்துவிடும், கற்றல் தீராது. அடுத்தது, பிணத்தாலும் செய்ய முடிகிற எதையும் ஒதுக்குங்கள் (நடத்தை ஆய்வில் இப்படி ஒரு சோதனை நிஜமாகவே உண்டு). 'யாரிடமும் திட்டு வாங்கக் கூடாது' என்பதைப் பிணம் நம்மைவிட நன்றாகச் செய்யும்.

நடுப்பகல்:
சீட்டு முறை நல்ல ஆரம்பம். ஆனால் நாம் போற்றும் விழுமியமும் நாம் வாழும் விழுமியமும் அதில் கலந்தே வரும். அதனால் கூடவே நாட்காட்டியைத் திறந்து கடந்த பத்து வேலை நாட்களைப் பாருங்கள். எதைத் தள்ளிப்போட்டீர்கள், எதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள்? 'கற்றல்' முதலிடத்தில் இருந்து, பத்து நாளில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: அது உங்களுடையது இல்லை, அல்லது அதை நசுக்கும் வேறொன்று பட்டியலில் எழுதப்படாமல் இருக்கிறது. பெரும்பாலும் எழுதப்படாதது 'எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பது'. அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உளவியலாளர் ஷலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அமைத்தார். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரில் இருப்பவை இழுபறி. சாதனைக்கும் அதிகாரத்துக்கும் எதிர்ப்பக்கம் பிறர் நலம். புதுமை தேடலுக்கு எதிர்ப்பக்கம் பாதுகாப்பு, மரபு. உங்கள் நான்கில் எதிரெதிர் ஜோடி இருந்தால் தவறில்லை. ஆனால் மோதும்போது எது முந்தும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நெருக்கடியில் உட்கார்ந்து தீர்மானித்தால் பயம்தான் ஜெயிக்கும்.

இனி வேலையில் புகுத்துவது. 'நேர்மை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்ற வாக்கியமாக்குங்கள். எப்போது, எங்கே என்று முன்பே கட்டிப்போட்ட முடிவு வெறும் உறுதிமொழியைவிட நிறைவேற வாய்ப்பு அதிகம் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரிந்தது. உதாரணம்: "கெடு தவறும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே மெயில் போடுவேன்." அந்த மெயிலையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளலாம்:

"புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன், முடியாது. சோதனையில் இரண்டு பிழைகள் பாக்கி. வெள்ளி மதியம் முழுதாகத் தருகிறேன். அவசரமென்றால் முதல் பகுதியை மட்டும் நாளை அனுப்பலாம். எது வசதி?"

நாலைந்து வரிதான். மன்னிப்புப் புராணம் இல்லை, யார் மேலும் பழி இல்லை. விழுமியத்துக்கு ஒரு வாக்கியம், மொத்தம் நான்கு. அதற்கு மேல் எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சூழல் வந்ததா, வந்தபோது செய்தேனா' என்று மட்டும் குறியுங்கள். பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டால் அன்றைய மனநிலைதான் பதிவாகும். நான்கு வாரமாகச் சூழலே வராத வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

காகிதக்கப்பல்:
இருவருக்கும் நன்றி, ஜோடி மோதலை முயல்கிறேன். ஒரு சந்தேகம். மேலதிகாரியே எண்ணைக் கொஞ்சம் 'நல்லா காட்டுங்க' என்று சொன்னால்? அங்கே வாக்கியம் எழுதி என்ன பயன்?

மூன்றாம்மாடி:
'நல்லா காட்டுங்க' என்பதற்குள் மூன்று வேறு விஷயம் இருக்கலாம். முதலில் எது என்று கேளுங்கள்: "எந்த எண், எப்படி மாறணும்?" பாதி நேரம் அவர் கேட்பது வரைபடத்தின் நிறமும் வரிசையும்தான். அதற்கு விழுமியப் போர் தேவையில்லை. இரண்டாவது வகை, சாதகமான மாதங்களை மட்டும் காட்டுவது. "காட்டலாம், அடியில் எந்த மாதங்கள் என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன்" என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவது, எண்ணையே மாற்றுவது. அங்கே பேரம் கிடையாது. "இந்த எண்ணை என் பெயரில் அனுப்ப முடியாது, உண்மை எண்ணோடு விளக்கம் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றே அதைச் சுருக்கமாக மெயிலிலும் பதிவு செய்யுங்கள். எழுத்தில் வந்ததும் பல கோரிக்கைகள் தாமாகவே மறைந்துவிடும்.

எல்லாவற்றையும் மூன்றாவது வகையாகப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. நிறம் மாற்றச் சொன்னதற்கே மல்லுக்கு நின்றால், நிஜமாக 'முடியாது' சொல்லும் நாளில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

வேலையை விடலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். விழுமியத்துக்குத் தீனி கிடைக்காத வேலை ஒன்று, விழுமியத்தை மீறச் சொல்லும் வேலை இன்னொன்று. முதலாவதில் பொறுப்பை மாற்றிக் கேட்டு, ஆறு மாதம் பார்க்கலாம். இரண்டாவதில் மூன்றாம் வகைக் கோரிக்கை எழுத்தில் மறுத்த பிறகும் திரும்ப வந்தால், நிறுவனத்தில் புகார் வழி இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வேறு வேலையும் தேட ஆரம்பியுங்கள். கையில் வேலை கிடைக்கும்வரை ராஜினாமாக் கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.

அளவுகோல்:
இதோடு ஒன்று. அந்த நான்கு வாக்கியங்களையும் மேசை மேல் ஒட்டாதீர்கள், ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். மெயில் வரைவுகளிலோ வாராந்திரக் கூட்டத்தின் நாட்காட்டிக் குறிப்பிலோ, சூழல் வரும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.