புதுப்பிப்பு: அசல் சான்றிதழ் கேட்ட நிறுவனம்

நேர்காணலில் தேர்வான பிறகு, சோழிங்கநல்லூர் நிறுவனமொன்று என் அசல் பட்டச் சான்றிதழை இரண்டாண்டு தன்னிடமே வைத்துக்கொள்ளக் கேட்டதை முன்பு எழுதியிருந்தேன். கொடுக்கவில்லை. "அசலை இங்கேயே சரிபாருங்கள், நகல் தருகிறேன்" என்றேன். மனிதவள அதிகாரி கோப்பை மூடிவிட்டு, "பிறகு சொல்கிறோம்" என்றார். படித்து வாங்கிய பட்டத்தை இன்னொருவர் அலமாரியில் பூட்டிவைக்க எனக்கு மனமில்லை. நேற்று மின்னஞ்சல் வந்தது: அசல் வேண்டாம், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற பணி ஒப்பந்தம் போதுமாம்.

ஒப்பந்தம் செல்லுமா என்று பலர் கேட்டீர்கள். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கியாக இருந்தது; தனியார் நிறுவனத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் தொகையைப் பார்க்காமல் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். எனக்கு வந்த ஒப்பந்தத்தில் தொகைக்கான இடம் காலியாக இருக்கிறது. நிரப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கையெழுத்து இல்லை.