தவறாகப் போட்ட கூப்பன்: தெரிந்தே பயன்படுத்தலாமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். தமிழ்ப் புத்தகம் விற்கும் ஒரு சிறிய இணையக் கடை, 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் மொத்தத்தில் 200 ரூபாய் தள்ளுபடி என்று கூப்பன் அறிவித்திருக்கிறது. கூடையில் போட்டால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 200 கழிகிறது. 250 ரூபாய் புத்தகம் பத்து எடுத்தால் 2,300 வரவேண்டும், 500தான் காட்டுகிறது. வாட்ஸாப் குழுக்களில் கூப்பன் வேகமாகப் பரவுகிறது. ‘கடையே கொடுத்தது, இதில் திருட்டு எங்கே?’ என்கிறார்கள் சிலர். இது முறைதானா? ஏற்கெனவே பணம் கட்டியவர் என்ன செய்ய வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

இது எப்படி நடந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம். இணையக் கடை நடத்தப் பயன்படும் வூகாமர்ஸ் மென்பொருளில் கூப்பன் வகை மூன்று: விழுக்காடு, ‘ஃபிக்ஸட் கார்ட்’, ‘ஃபிக்ஸட் புராடக்ட்’. இரண்டாவது மொத்தக் கூடைக்கு ஒருமுறை கழிக்கும். மூன்றாவது ஒவ்வொரு பிரதிக்கும் கழிக்கும். பட்டியலில் ஒரு வரி தள்ளி அழுத்தினால் போதும், நீங்கள் சொன்னது அப்படியே நடக்கும். ‘ஒருவருக்கு இத்தனை முறை’ என்ற வரம்பைக் காலியாக விட்டால் ஒரே ஆள் எத்தனை முறையும் போடலாம். வரம்பு வைத்தாலும், கணக்கு இல்லாமல் வாங்குபவரை அது மின்னஞ்சலை வைத்துத்தான் அடையாளம் காணும். வேறு மின்னஞ்சல் கொடுத்தால் தாண்டிவிடலாம்.

இப்போது நட்டத்தைப் பாருங்கள். பதிப்பகம் கடைக்கு 30 விழுக்காடு கழிவு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ரூபாய் புத்தகம் கடைக்கு 175 ரூபாய் அடக்கம், பத்துக்கு 1,750. கைக்கு வருவது 500. ஒரே ஆர்டரில் 1,250 ரூபாய் போய்விட்டது. கூரியரும் பேக்கிங்கும் தனி. முழு விலைக்கு விற்றால் ஒரு புத்தகத்தில் நிற்பது 75. அந்த 1,250-ஐ மீட்க இன்னும் 17 புத்தகம் விற்றாக வேண்டும். குழுவில் ஐம்பது பேர் இதையே செய்தால் 62,500 ரூபாய். சிறிய கடைக்கு அது அடுத்த கொள்முதலுக்கான பணம்.

பொதிகைச்சாரல்:

சட்டம் எளிதாக ஒரு பக்கம் சாயாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, ஒரு தரப்பு மட்டும் தவறாகப் புரிந்துகொண்டது என்பதற்காகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. இதை மட்டும் படித்துவிட்டு ‘கடை கொடுத்தே ஆகவேண்டும்’ என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் கடையில் விலை போட்டு வைப்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்புதான். வாங்குபவர் கொடுக்கும் ஆர்டரே முன்மொழிவு. பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உருவாகும் என்று பல கடைகள் விதிமுறையில் எழுதியே வைக்கின்றன. அனுப்பும் முன் கடை நிறுத்திவிட்டால் வாங்குபவரின் கை ஓங்குவது கடினம்.

சிங்கப்பூர் வழக்கு ஒன்று இதற்கு நேராகப் பொருந்தும். 2003 ஜனவரியில் 3,854 டாலர் ஹெச்பி லேசர் அச்சுப்பொறி, ஓர் ஊழியரின் தவறால் டிஜிலேண்ட்மால் தளத்தில் 66 டாலராக ஏறியது. 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் போட்டார்கள். வழக்குப் போட்ட ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606. உண்மை விலையை அவர்கள் இணையத்தில் தேடிப் பார்த்ததும், இரவில் தங்களுக்குள் பேசிக்கொண்ட அரட்டையும் நீதிமன்றத்துக்கு வந்தன. தவறு என்று தெரிந்தே அள்ளியதால் ஒப்பந்தமே செல்லாது என்று 2004-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாட்ஸாப்பில் ‘சீக்கிரம் போடுங்க, கடைக்காரன் கண்டுபிடிக்கறதுக்குள்ள’ என்று எழுதுபவர், தனக்கு எதிரான சாட்சியைத் தானே எழுதுகிறார்.

செங்காந்தள்:

பழி முழுவதையும் வாங்குபவர் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. 70, 80 விழுக்காடு தள்ளுபடி தினமும் கண்ணில் படுகிறது. நான்கு புத்தகம் எடுத்து, கூப்பனை ஒட்டி, மொத்தத்தைக் கவனிக்காமல் பணம் கட்டியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. 2014-இல் அமேசானில் 190 ரூபாய்க்கு வந்த மடிக்கணினியை ஆர்டர் செய்த ஒடிசா மாணவருக்கு, நிறுவனம் ஆர்டரை ரத்து செய்தபின் இழப்பீடு தரும்படி அம்மாநில நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. ஆர்டரை உறுதி செய்துவிட்டு ஓசையில்லாமல் ரத்து செய்வதும் முறையல்ல.

கணக்குப்பிள்ளை:

கவனிக்காதவர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் கவனித்துவிட்டார். அறிவிப்பில் ‘மொத்தத்தில் 200’ என்று தெளிவாக இருக்கிறது. அதைப் படித்தபின் பத்துப் புத்தகத்தைப் பன்னிரண்டாகக் கூட்டுவதும், மூன்று மின்னஞ்சலில் ஆர்டர் போவதும் பேரம் அல்ல, இன்னொருவர் சட்டைப்பையில் கைவிடுவது. கடை பெரியதா சிறியதா என்பதால் இது மாறாது. வலிக்கும் அளவுதான் மாறும்.

வைகைக்கரை:

பணம் கட்டியாயிற்று, பார்சல் இன்னும் கிளம்பவில்லை என்றால்?

பொதிகைச்சாரல்:

அன்றைக்கே கடைக்கு எழுதச் சொல்லுங்கள். ஆர்டர் எண், கூடையின் ஸ்கிரீன்ஷாட், ‘கூப்பன் மொத்தத்துக்குப் பதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கழிகிறது’ என்ற ஒரு வரி. இந்த மூன்றும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கூப்பனை நிறுத்திவிடுவார்கள். தொலைபேசி எண் இருந்தால் அதுவே மேல், ஏனென்றால் ஒவ்வொரு மணி நேரமும் ஆர்டர் கூடிக்கொண்டே போகும்.

ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பச் சொல்வதைவிட, வித்தியாசமான 1,800 ரூபாயை யுபிஐயில் கட்டுவது கடைக்கு நல்லது. பணத்தைத் திருப்பினாலும் இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் பிடித்த கட்டணம் பெரும்பாலும் கடைக்குத் திரும்பாது. பத்தும் வேண்டாம் என்றால், எத்தனை வேண்டும் என்று சொல்லி மற்றதைக் குறைக்கச் சொல்லலாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால் பில்லைத் திருத்துவதிலும் வரிச் சிக்கல் வராது.

பார்சல் வந்துவிட்டால் பிரிக்காமல் வைத்துவிட்டு எழுதுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவைக் கடைதான் ஏற்க வேண்டும், தவறு அவர்களுடையது. ‘பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கடையே சொன்னால் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிலை மட்டும் அழிக்காதீர்கள். கூப்பன் பரவிய குழுவிலும் ‘இது தவறான கூப்பன், கடைக்குச் சொல்லியாயிற்று’ என்று போட்டுவிடுங்கள்.