‘பிரிஸ்கிரைப்டு பர்னிங்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தொகுப்பு மேசை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வறண்ட இலையுதிர்காட்டுச் சரணாலயம் ஒன்றின் தீ மேலாண்மைக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறோம். படிக்கப்போகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தீக்காவலர்களும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிரிஸ்கிரைப்டு பர்னிங்’ என்ற ஆங்கிலச் சொல் ஒன்றுதான் இடிக்கிறது. முதல் வரைவில் ‘பரிந்துரைக்கப்பட்ட எரிப்பு’ என்று வந்திருக்கிறது. டாக்டர் சீட்டு எழுதிக் காட்டைக் கொளுத்தச் சொன்ன மாதிரி. நாளிதழ்களின் ‘கட்டுப்படுத்தப்பட்ட எரிப்பு’ பக்கத்துக்குப் பத்து தடவை வந்தால் மூச்சு வாங்கும். கருத்து இதுதான்: காற்று, ஈரப்பதம், சருகின் அளவு, வேளை எல்லாவற்றையும் முன்பே எழுதிவைத்து, அந்த நிலை கூடிவந்தால் மட்டும், காட்டுத்தீக்குத் தீனி குறையும்படி நாமே தீயிடுவது. கூடிவராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

சொல்லேர் எழுதியது:

ஐயா, கைவசம் வேர் இருக்கும்போது ஏன் கடன்? வரை என்றால் எல்லை. வரைதல் என்றால் வரம்பிடுதல், எழுதுதல். எழுதிவைத்த வரம்புக்குள் எரிப்பது ‘வரையெரி’. வினைத்தொகை, நான்கே எழுத்து. எரி வளர்த்துப் புனம் திருத்திய மரபு நம்முடையது. கானவர் சுட்ட நிலத்தைப் புறம் 159 ‘கரிபுனம்’ என்கிறது. காய்ந்த புல்லுக்கு ‘முளிபுல்’, கொள்ளிக்கு ‘ஞெகிழி’. இந்த மூன்றையும் கையேட்டில் மீட்டெடுக்கலாம் என்பது என் விண்ணப்பம்.

வினையடி எழுதியது:

ஞெகிழி வேண்டாம் அண்ணா. ‘காவலர்கள் ஞெகிழியுடன் காட்டுக்குள் செல்லவும்’ என்று அச்சிட்டால், சரணாலயத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை ஆயிற்றே என்று சோதனைச் சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். வரை என்றால் மலையும்தான், ஆகவே வரையெரி மலையை எரிப்பதாகவும் படும். வரைவு என்றால் திருமணமும்தான், அகத்துறையில் வரைவு கடாதல் படித்தவர்கள் வேறு பந்தலைத் தேடுவார்கள்.

ஆனால் இலக்கணம் இங்கே நமக்கு உதவும். எரிதல் தன்வினை, எரித்தல் பிறவினை. காட்டுத்தீ எரிகிறது, நாம் எரிக்கிறோம். ஆகவே ‘எரிப்பு’ என்ற உடனே ஆள் வைத்த தீ என்பது வந்துவிடுகிறது. வரையெரி என்ற வினைத்தொகையில் அது மங்கிப்போகிறது. எரிப்பு இருக்கட்டும், முன்னொட்டை மட்டும் தேடுவோம். ‘திட்ட எரிப்பு’?

கானவன் எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ‘திட்டமிட்டு எரித்தனர்’ என்பது செய்தித்தாளில் குற்றச் செய்தி. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972, 30ஆம் பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதைத் தடுக்கிறது. காவலர் கையில் இருக்கும் புத்தகத்தில், எது தடைசெய்த தீ, எது மேலதிகாரி அனுமதித்த தீ என்று சொல்லிலேயே பிரிந்து தெரிய வேண்டும். திட்ட எரிப்பு இரண்டையும் குழப்பும்.

களத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். தீ தாண்டாமல் இருக்கக் கோடு போடும் இடத்தில் இரண்டு ஓரத்திலும் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டி, சுத்தமாகப் பெருக்கி வெறும் மண் தெரியும்படி விடுவோம். நடுவில் இருப்பது காய்ந்ததும், காற்று அடங்கிய வேளை பார்த்துத் தீயிடுவோம். பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஆட்கள் ஓரத்தில் நடப்பார்கள். தாண்டி வரும் பொறியை அடித்து அணைப்பார்கள். தீ அணைந்ததும் வீட்டுக்குப் போக முடியாது. விழுந்து கிடக்கும் கட்டை உள்ளுக்குள்ளேயே கனியும், மறுநாள் மத்தியானம் காற்று எழும்போது அதிலிருந்துதான் பொறி பறக்கும். இதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் ‘ஃபயர் லைன் எரிக்கிறது’. காடு முற்றிலும் காய்வதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பிந்தினால் அதே தீ கருமருதின் தடித்த பட்டையைத் தாண்டாவிட்டாலும், இளங்கன்றுகளைத் தரையோடு பொசுக்கிவிடும். அதனால் என் ஓட்டு ‘முன்னெரிப்பு’.

களப்பணி எழுதியது:

கானவன் ஐயா சொன்னது சரி, ஆனால் முன்னெரிப்பு என்பது ‘எர்லி பர்னிங்’. அது ஒரு வகை. பருவம் முந்தியது என்பதற்காக நிபந்தனை எழுதியதாகாது.

இன்னொன்று. கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் பருவத் தொடக்கத்தில் வைத்துவந்த குளிர்ந்த தரைத்தீக்கு ‘தரகு பெங்கி’ என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி தீ. 1974இல் அங்கே சரணாலயம் வந்தது. தீ வைப்பது தடையாயிற்று. அதன்பின்தான் உண்ணிச்செடி புதராக மண்டியது, நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகியது என்று அவர்கள் சொல்கிறார்கள். மண்டிய உண்ணிச்செடி தரைத்தீயை மரத்தின் மேலே ஏற்றிவிடும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சோளகர் சொல்லையொட்டிச் ‘சருகெரிப்பு’ என்றால் என்ன?

சொல்லேர் எழுதியது:

அருமை! தரகும் சருகும் ஒரே வேர். தகரம் சகரமாகும். தளர், தளிர், சரி, சரிவு, சருகு என்று ஒரு குடும்பமே…

வினையடி எழுதியது:

தளிரும் சருகும் ஒரே வேரா? அண்ணா, மரத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம் இருக்கிறது. அதுசரி, கையேட்டில் ‘வெப்பமண்டல வறண்ட காடு’ என்று நீட்டியிருக்கிறார்களே, ‘பாலை’ என்றால் ஆகாதா? முல்லையும் குறிஞ்சியும் திரிந்து வருவதுதானே.

கானவன் எழுதியது:

ஆகாது தம்பி. பாலை என்றால் ஆட்கள் ஒட்டகத்தை நினைப்பார்கள். இலக்கியத்துப் பாலையோ கோடையில் வரும் நிலை. நம் காடு மழைக்காலத்திலும் இதே காடு. சருகெரிப்பும் எனக்கு ஒட்டவில்லை. சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவதையும் அப்படித்தான் சொல்வோம். பல இடங்களில் எரிவது சருகைவிடப் புல்தான்.

தொகுப்பு மேசை எழுதியது:

நன்றி. இன்று வியாழன். முன்னெரிப்புக்குத்தான் ஆதரவு அதிகம், அதையே எடுத்துக்கொள்கிறோம். களப்பணியின் மறுப்புக்காக, முதலில் வரும் இடத்தில் ‘எழுதிய நிபந்தனைகள் கூடியபோது மட்டும், அனுமதியோடு செய்யும் எரிப்பு’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். ‘ஃபயர் லைன்’ அப்படியே இருக்கும். பக்கத்தில் ‘தீத்தடுப்புக் கோடு’.

களப்பணி எழுதியது:

என் மறுப்பு நிற்கிறது. அடுத்த கையேட்டில் எர்லி பர்னிங் தனியாக வரும்போது இதே சொல்லுக்கு அடித்துக்கொள்வோம்.

சொல்லேர் எழுதியது:

வரையெரியைச் சொல்லடைவிலாவது சேருங்கள்.

தொகுப்பு மேசை எழுதியது:

சொல்லடைவு அச்சுக்குப் போய்விட்டது ஐயா. அப்புறம், மெய்ப்புப் பார்க்கிறவர் இப்போது ‘ஃபியூவல் லோடு’க்கு, அதாவது ஓரிடத்தில் எரியக் கிடக்கும் சருகு, புல், கட்டையின் அளவுக்கு, நல்ல சொல் எங்கே என்கிறார். ‘எரிபொருள் சுமை’ என்று இருக்கிறது, டேங்கர் லாரி என்று நினைக்கிறார்களாம். யாராவது இரவுக்குள்?