பம்ப் அடிச்சா பிள்ளை குள்ளமாயிருவானா?

முக்கூடல் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம் மவனுக்கு 7 வயசு, ரெண்டாப்பு படிக்கான். மழை விழுந்து ஈரக்காத்து அடிச்சாப் போதும், ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிச்சிரும், தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவான், தண்ணி வேணும்ங்கதக்கூட ரெண்டு தடவையா நிறுத்தித்தான் சொல்லுவான். டாக்டர் ஆஸ்துமான்னு சொல்லி, மூச்சுல இழுக்குத புடசோனைட் மருந்து பம்ப் எழுதி, 100 மைக்ரோகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஸ்பேசர் (பம்ப்ல மாட்டுத குழாய்) வச்சுக் குடுக்கச் சொன்னாவ. எங்க அத்தை "ஏட்டி அது ஸ்டீராய்டு, பிள்ளை வளரமாட்டான்"னு சொல்லுதாவ. ஏற்கனவே ஸ்கூல்ல வரிசைல முன்னாடிதான் நிக்கான், எனக்கும் பயம் புடிச்சு 3 வாரமா நிறுத்திட்டேன். போன வாரம் மறுபடி இழுப்பு வந்து நெபுலைசர் வச்சு 5 நாளைக்கு மருந்து குடுத்தாங்க. நான் நிறுத்தினது தப்பா?

அம்பை அண்ணாச்சி:
தங்கச்சி, நான் பட்டதச் சொல்லுதேன். எம் மூத்தவனுக்கு 4 வயசுலயே வந்துட்டு. பம்ப்னா பயந்துட்டு, இழுக்கும்போதெல்லாம் பக்கத்துக் கடைல சொல்லி மாத்திரை வாங்கிக் குடுத்தோம், உடனே கேக்கும், அதனால மாசாமாசம் வாங்கினோம். ஒரு வருசத்துல கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி ஊதிட்டு, போன தீவாளிக்கு எடுத்த டவுசரே அடுத்த தீவாளிக்கும் நீளம் சரியா இருந்துச்சு. அப்புறம் பிள்ளைங்க டாக்டர்ட்ட காட்டும்போது மாத்திரை அட்டையப் பாத்துட்டு, இதுதாம்யா ஸ்டீராய்டு, வாய்வழியா இவ்வளவு தடவை போயிருக்குன்னு சொன்னாரு. நாங்க எதுக்குப் பயந்தோமோ அதையே கைநிறைய குடுத்திருக்கோம். மெதுவா சரிபண்ணி பம்ப்புக்கு மாத்தினாரு. இப்ப அவனுக்கு 23 வயசு, எங்க வீட்டு நிலைல குனிஞ்சுதான் உள்ள வாரான்.

பாளை நர்ஸ்:
அக்கா, அத்தை சொல்லுதது முழுப்பொய் இல்ல, ஆனா அளவு தெரிஞ்சுக்கிடணும். அமெரிக்கா, கனடால 5 முதல் 13 வயசுப் பிள்ளைங்களுக்கு இதே புடசோனைட்ட ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம், உங்க பிள்ளைக்கு எழுதினதுல ரெண்டு மடங்கு, 4 வருசத்துக்கு மேல குடுத்துட்டு அவங்க பெரியாளானதும் உயரம் அளந்தாங்க, 2012-ல வெளியாச்சு. மருந்தில்லாத வெறும் பம்ப் அடிச்சவங்கள விட சராசரி 1.2 சென்டிமீட்டர்தான் குறைவு. அந்தக் குறைவும் முதல் ரெண்டு வருசத்துலயே வந்து நின்னுட்டு, வருசாவருசம் கூடிக்கிட்டே போகல.

அடங்காத ஆஸ்துமாவே வளர்ச்சியப் பிடிச்சு வைக்கும், பருவம் பிந்தும். போன வாரம் 5 நாளைக்குக் குடுத்த மருந்தையும் பாருங்க, அது வாய்வழி ஸ்டீராய்டாத்தான் இருக்கும். வாய்வழி ஸ்டீராய்டு இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம்னு வச்சா, எடைக் கணக்குல பம்ப் ஒரு நாளைக்குக் குடுக்கதவிட 100 மடங்கு. பம்ப் மருந்து நேரா நெஞ்சுக்குப் போகுது, வீரியமும் கூடினது, அதனாலதான் இத்துனூண்டு போதும். இழுப்பு கடுமையா வந்தா அந்த மருந்து வேணும்தான், அதுக்குப் பயந்து மறுக்காதீங்க, ஆனா அடிக்கடி தேவைப்படாம பாக்கத்தான் தினசரி பம்ப். சால்புடமால்னு எழுதின பம்ப் (பெரும்பாலும் நீலக் கலர்) இருந்தா அதுல ஸ்டீராய்டே கிடையாது, அது மூச்சுக்குழாயத் தளர்த்துதது, அவசரத்துக்கு மட்டும். நல்லா அடங்கிட்டா அளவ டாக்டரே குறைப்பாரு, நீங்களா நிறுத்தாதீங்க. 6 மாசத்துக்கு ஒருக்கா உயரம் அளந்து எழுதி வைங்க.

ஒண்ணு கேக்கேன், பொகையிலைத் தூளும் இழுப்பக் கிளப்பும், வீட்டுல பீடி சுத்துவீங்களா?

முக்கூடல் அம்மா:
ஆமாம்மா, அவன் படுக்குத ரூம்லதான் சொளவ வச்சுச் சுத்துதேன், தூள் பாயெல்லாம் கிடக்கும். இன்னைக்கே வெளித் தார்சாவுக்கு (திண்ணைக்கு) மாத்திட்டேன். நிலைல பொங்கலுக்குப் போட்ட பென்சில் கோடு 113, இப்ப ஐப்பசில அளந்தேன், 117.

பாளை நர்ஸ்:
9 மாசத்துல 4 சென்டிமீட்டர்னா நல்ல வளர்த்திதான் அக்கா. இந்த வயசுல வருசத்துக்கு 5, 6 வந்தாப் போதும்.

முக்கூடல் அம்மா:
அண்ணாச்சி எழுதினத அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல. ராத்திரி நான் பம்ப் அடிக்கும்போது அவியளே வந்து ஸ்பேசரப் பிடிச்சுக்கிட்டாவ. அடிச்ச பெறகு வாய் கொப்பளிக்கணுமான்னு கேக்காவ.

பாளை நர்ஸ்:
ஆமாக்கா, கொப்பளிச்சுத் துப்பணும், முழுங்கக்கூடாது. இல்லன்னா வாயில வெள்ளை படரலாம்.