கோல்ஃப் சுவிங்கில் (மட்டை வீச்சில்) எந்தக் கைக்கு என்ன வேலை? அனுபவங்களைப் பகிருங்கள்

"இடக்கையை மடக்காதே" என்று யாராவது அதட்டாமல் கோல்ஃப் பழகியவர் இருக்க மாட்டார். எனக்கு வாய்த்த பயிற்சியாளர் அதைச் சொல்லவே இல்லை. வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடக்கையால் மட்டும் இடுப்பு உயரம் வரை வீசச் சொன்னார். (வலக்கைப் பழக்கக்காரர்களை வைத்தே எழுதுகிறேன், மற்றவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) அப்படி வீசினால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். கையால் இழுத்தால் தோள் திரும்பாமல் நின்றுவிடும். அடி பந்தின் உச்சந்தலையில் விழும். நெஞ்சு திரும்பினால் கை தானாகப் பின்தொடரும். தோளுக்கும் கிளப்புக்கும் (பந்தடிக்கும் மட்டை) உள்ள தூரத்தைக் காப்பதும், கிளப்பின் முகத்தைத் திசை மாறாமல் பார்த்துக்கொள்வதும்தான் இடக்கையின் பொறுப்பு.

பிறகு வலக்கைக்கு மாறினோம். அதற்கு மடங்கி விரிகிற வேலை. பின்னால் போகும்போது முழங்கை மடங்கும். கீழே வரும்போது விலாவை ஒட்டி வந்து விரியத் தொடங்கும். தவளைக்கல் எறிகிறவரின் கையைக் கவனியுங்கள், ஏறக்குறைய அதே அசைவு. பந்தைத் தொடும் கணத்தில்கூட வலது முழங்கை சற்று மடங்கியே இருக்கும். முழுதாக நீள்வது பந்து கிளம்பிய பிறகுதான். இதை அவசரப்பட்டு முன்கூட்டியே நீட்டுகிறவர்கள் பந்துக்கு முன்னால் மண்ணைத்தான் வெட்டுகிறார்கள்.

* * *

இடக்கை பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். எங்களோடு ஆடும் பெரியவர் ஒருவருக்குப் பழைய எலும்பு முறிவால் இடது முழங்கை முழுதாக நிமிராது. பக்கத்தில் நின்று நரம்பு புடைக்கக் கையை விறைத்துக்கொள்ளும் இளைஞர்களைவிட அவர் பந்துதான் நேராகப் போகும். முதலில் வியப்பாக இருந்தது. கால்வின் பீட் என்ற அமெரிக்க கோல்ஃப் வீரரைப் பற்றித் தெரிந்த பிறகு அந்த வியப்பு போய்விட்டது. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்தவர் அவர். அந்தக் கை கடைசி வரை நிமிரவில்லை. அப்படியிருந்தும் 1981 முதல் 1990 வரை ஆண்டுதோறும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் டிரைவ் (தொடக்க நெடுந்தூர அடி) துல்லியத்தில் முதலிடம் அவருக்குத்தான். 12 பட்டங்களும் வென்றார். ஆகவே நீளமாக வைத்திருங்கள், விறைக்காதீர்கள் என்பதே என் கட்சி. விறைத்த கையில் தோளும் இறுகிவிடும், மணிக்கட்டும் மடங்க மறுக்கும்.

* * *

மேலே இருவரும் பந்தை அடிக்கும் வரைதான் பேசியிருக்கிறீர்கள். அடித்த பின் இடது முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. உடல் பாதியில் திரும்பாமல் நின்றுவிடுவதால் கைக்குப் போக இடமில்லை, அவ்வளவுதான். அமெரிக்க வீரர் ஜோர்டான் ஸ்பீத்துக்கும் முழங்கை அப்படி மடங்கும். அவருக்கு உடல் நிற்பதில்லை என்பதால் அதைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. இடது அக்குளில் ஒரு கையுறையைச் செருகிக்கொண்டு அரை வீச்சாக அடித்துப் பாருங்கள். பந்து போன பிறகும் அது விழக் கூடாது. டிரைவரை (நெடுந்தூர அடிக்கான நீளக் கிளப்) எடுத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம், முழு வீச்சில் கையுறை விழத்தான் செய்யும்.