கப்பலில் சோதனைக்கு ஏறி வருகிறவர்கள்: நம் பக்கத்துக் கப்பல்காரர்கள் கண்டதும் பட்டதும்

திருநகர், ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர்:

மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனாலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் கப்பலில் வேலை பார்க்கும் பையனின் வீடு ஒன்று இருக்கும். அந்தப் பையன்களும் வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். துறைமுகத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு ஏறும் அதிகாரிகளோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். கப்பல் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம்.

முதலில் என்னுடையது. ஆஸ்திரேலியாவுக்கு நிலக்கரி ஏற்றப் போயிருந்தோம். அந்த நாட்டுக் கடல் பாதுகாப்பு ஆணையம் 'ஆம்சா' என்றாலே கப்பலில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஃபைலைப் புரட்டிக் காபி குடித்துவிட்டு இறங்குகிற ஆட்கள் இல்லை. வந்தவர் கேங்வேயில் (கப்பலில் ஏறும் படியில்) ஏறும்போதே வலையையும் கயிற்றையும் கவனித்துக்கொண்டுதான் ஏறினார். சான்றிதழ்களைப் பார்த்து முடித்ததும் எமர்ஜென்சி ஃபயர் பம்பை ஓட்டச் சொன்னார். என்னையோ செகண்ட் இன்ஜினியரையோ அல்ல, பக்கத்தில் நின்ற ஆயிலரை, அதாவது இன்ஜின் ரூம் உதவியாளை. வாடிப்பட்டிப் பையன். பதறாமல் இறங்கிப்போய் ஸ்டார்ட் செய்தான். டெக்கில் (மேல்தளத்தில்) இரண்டு ஹோஸிலும் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது.

பெரும்பாலும் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அவர் விடவில்லை. இன்ஜின் ரூமுக்குப் போகும் ஃபயர் லைனைத் தனியாகத் துண்டிக்கும் ஐசொலேட்டிங் வால்வை அடைக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் ரூமில் ஒரு ஹைட்ரண்டை (தீயணைப்புக் குழாயை) திறக்கச் சொன்னார். வால்வு சரியாக அடைத்திருந்தால் அங்கே சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. கொட்டு கொட்டென்று கொட்டியது. மேலே டெக்கில் ஹோஸ் தொங்கிப்போய்விட்டது. இன்ஜின் ரூமில் தீ பிடித்து அங்குள்ள லைன் உடைந்தால், தண்ணீர் முழுக்க அந்த உடைப்பு வழியே போய்விடும், மேலே ஹோஸைப் பிடித்து நிற்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை.

அந்த வால்வு கேட்டு நான் அனுப்பிய இண்டென்ட்டுகள் (கேட்புச் சீட்டுகள்) கம்பெனி ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தன. 'டிரை டாக்கில் பார்த்துக்கொள்ளலாம்', அதாவது கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும்போது, என்பதே ஒவ்வொரு முறையும் பதில். அதிகாரி கோட் 30 என்று எழுதினார். டிடென்ஷன், அதாவது சரிசெய்யாமல் கப்பல் நகரக்கூடாது. உடனே வால்வு விமானத்தில் வந்து சேர்ந்தது! நான் எத்தனை எழுதியும் நடக்காததை அந்த ஒரு தாள் நடத்திக்காட்டியது. அன்றிலிருந்து இந்த அதிகாரிகளை நான் நம் பக்கத்து ஆட்களாகத்தான் பார்க்கிறேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கப்பலுக்கு எந்த நாட்டுக் கொடியோ அந்த நாடுதான் முதல் பொறுப்பு. நம் கொடி என்றால் மும்பையில் இருக்கும் டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்), அதன் கீழே சென்னை, தூத்துக்குடி முதலான இடங்களில் உள்ள எம்.எம்.டி. (வணிகக் கப்பல் துறை) அலுவலகங்கள். கொடி நாடு கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1978-இல் பிரான்ஸ் கரையில் தரைதட்டிய அமோகோ காடிஸ் எண்ணெய்க் கப்பல் காட்டியது. அதன் பிறகு ஐரோப்பிய நாடுகள், 'உன் கொடி எதுவானாலும் என் துறைமுகத்துக்கு வந்தால் நான் பார்ப்பேன்' என்று 1982-இல் பாரிஸில் ஒப்பந்தம் போட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கு 1993-இல் டோக்கியோ ஒப்பந்தம். நம் பகுதிக்கு இந்தியப் பெருங்கடல் ஒப்பந்தம், 1998-இல் கையெழுத்தானது, செயலகம் கோவாவில். எந்தக் கப்பல் எங்கே மாட்டியது என்பதெல்லாம் பொதுவில் வெளியாகும். பெயர் கெட்ட கப்பலைப் பாரிஸ் பகுதியில் ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். நல்ல பெயர் உள்ள கப்பலை இரண்டு, மூன்று வருடம்கூட விட்டுவைப்பார்கள். சரக்கு ஏற்ற வருகிறவனும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கப்பலைப் பிடிக்கிறான். கம்பெனிக்குச் சுடுவது இங்கேதான்.

உசிலம்பட்டி, போசன்:

அண்ணே, எனக்கு நேர்ந்தது பைலட் ஏணியில், துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்ட வரும் பைலட் படகிலிருந்து ஏறும் கயிற்றேணி அது. ஐரோப்பாவில் ஒரு துறைமுகம், குளிர்காலம், நல்ல அலை. பைலட் போட் பக்கத்தில் வந்தது. பைலட் டார்ச் அடித்து ஏணியைப் பார்த்தார், 'ஏற மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். ஒரு படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, பக்கக் கயிற்றில் நூல் பிரிந்திருந்தது. படிக்குப் படி 31-லிருந்து 35 செ.மீ. இடைவெளி, கீழிருந்து ஐந்தாவது படி ஏணி முறுக்காமல் தடுக்கும் நீளமான ஸ்ப்ரெடர் படி, தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற வேண்டும் என்றால் அக்காமடேஷன் லேடரையும் (கப்பலின் பக்கத்தில் இறங்கும் சாய்வுப் படிக்கட்டு) சேர்த்து வைக்க வேண்டும். எல்லாம் கணக்கு. ஸ்டோரில் கிடந்த புது ஏணியைக் கட்டின பிறகுதான் ஏறினார்.

அவர் கரைக்குத் தகவல் கொடுத்துவிட்டார். கப்பலைக் கரையில் கட்டினதும் சோதனைக்கு ஆள் வந்துவிட்டது. நேரே பழைய ஏணி கிடந்த இடத்துக்குப் போய், அதன் சான்றிதழைக் கேட்டு, அங்கேயே வெட்டிப்போடச் சொன்னார்கள். திரும்ப யாரும் எடுத்துக் கட்டிவிடக்கூடாதே! வெட்டினது நான்தான். அந்தக் கயிற்றின் உள்ளே மக்கிப்போயிருந்ததைப் பார்த்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. நாங்களும் அதில்தானே ஏறி இறங்கியிருக்கிறோம்.

மேலூர், தேர்டு ஆபீசர்:

ஓய்வு நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். அந்தப் பத்தை அதிகபட்சம் இரண்டாகத்தான் பிரிக்கலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எல்லாக் கப்பலிலும் பச்சைப் பச்சையாகத்தான் தெரியும். எங்கள் கப்பலுக்குச் சோதனைக்கு வந்த பெண் அதிகாரி அந்த ஓய்வு நேரத் தாளையும் பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் அறை) லாக்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாளில் செகண்ட் ஆபீசர் இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தில் இருக்கிறார். லாக்புக்கில் அதே நேரம் பைலட்டை வரவேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விரலை வைத்துக் காட்டிவிட்டு, எங்களை ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டு, 'கடைசியாக எப்போது தூங்கினாய்?' என்று கேட்டார். கேப்டன் அப்போது உடன் இல்லை. நான் உள்ளதைச் சொன்னேன்.

அவர் போட்ட உத்தரவு: எல்லோரும் தூங்கி எழுந்த பிறகுதான் கப்பல் கிளம்பலாம். அப்படி ஒரு தூக்கத்தை அதன் பிறகு நான் தூங்கியதில்லை. 2022-இல் பாரிஸும் டோக்கியோவும் சேர்ந்து நடத்திய செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான தனிச் சோதனை, மாலுமிகளின் பயிற்சி, ஓய்வு பற்றிய இந்த எஸ்.டி.சி.டபிள்யூ. விதிகளைப் பற்றித்தான். ஒவ்வொரு வருடமும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வார்கள்: 2023-இல் தீ, 2024-இல் சம்பளமும் வேலை ஒப்பந்தமும், 2025-இல் பேலஸ்ட் தண்ணீர் (கப்பல் சாயாமல் நிற்க ஏற்றும் தண்ணீர்). முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அப்படியும் மாட்டுகிற கப்பல்கள் இருக்கின்றன என்றால் என்ன சொல்வது?

பேரையூர், ஏ.பி. (டெக் மாலுமி):

எங்கள் ஊரில் பழைய கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்துவிட்டால் யாரும் இறங்க மாட்டார்கள். கப்பலில் நங்கூரச் சங்கிலி கிடக்கும் செயின் லாக்கர், பேலஸ்ட் டேங்க் எல்லாமே அந்தக் கிணறுதான். துரு பிடிக்கும்போது இரும்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது. இறங்கினவன் நாலு படிக்குள் விழுவான், தூக்கப் போனவனும் விழுவான்.

சோதனைக்கு வந்த அதிகாரி, டேங்குக்குள் விழுந்தவனை மீட்கும் டிரிலை (ஒத்திகையை) எங்களைச் செய்யச் சொன்னார். 2015-லிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டிய டிரில். டேங்குக்குள் பொம்மையைப் போட்டாயிற்று, ஒருவன் கத்தினான். ஒரு ஓ.எஸ். (இளநிலை டெக் மாலுமி) தம்பி முகமூடியும் இல்லாமல் மேன்ஹோலை நோக்கி ஓடினான். அதிகாரி அவன் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார். 'இப்போது உள்ளே இரண்டு பிணம்' என்றார். சத்தம் போடவில்லை. கேஸ் மீட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்து, ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டுகிறதா என்று வெளிக்காற்றில் முதலில் பார்க்கச் சொல்லி, மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்தார். சரியாக வரும்வரை மறுபடி மறுபடி செய்யவைத்தார். டெபிஷியன்சி (குறை) எழுதினார், எழுதட்டும். அந்தத் தம்பி இன்றைக்கு நல்லபடியாக வேலையில் இருக்கிறான்.

அவனியாபுரம், மளிகைக் கமிஷன்:

இத்தனை சோதனை இருந்தும் 2025 மே மாதம் கொச்சிக்குப் பக்கத்தில் எம்.எஸ்.சி. எல்சா 3 கன்டெய்னர் கப்பல் எப்படி மூழ்கியது? அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி வரைக்கும் ஒதுங்கியதே. அப்புறம் நாங்கள் சரக்கு அனுப்புகிற தூத்துக்குடித் தோணியை யார் பார்க்கிறார்கள்?

திருநகர், ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர்:

தோணிக்கும் பதிவு உண்டு, எவ்வளவு முங்கலாம் என்ற குறி உண்டு, சோதனைச் சான்றிதழ் உண்டு. சரக்கு ஏற்றும்போது அந்தக் குறி தண்ணீருக்கு மேல் தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். தெரியவில்லை என்றால் மூட்டையைத் திருப்பி இறக்கச் சொல்லுங்கள்.

எல்சாவில் இருந்த 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கேள்வி நியாயமானது. துறைமுகத்தில் வருகிறவர் ஒருவரோ இருவரோ, சில மணி நேரம் பார்க்கிறார். எல்லா மூலையையும் அவரால் பார்க்க முடியாது. 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். ஒயரில் மாட்டிய பெயர்ச் சீட்டு சரியாக உட்காராததால் ஒயர் டெர்மினலில் முழுசாகச் செருகவில்லை, அது கழன்றதில் கரண்ட் போனது என்று அமெரிக்க விசாரணையில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஒயரில் ஒன்று! பாலத்தில் வேலை பார்த்த ஆறு பேர் போய்விட்டார்கள். கப்பலிலிருந்து போன மேடே (ஆபத்து) அழைப்பைக் கேட்டுப் போலீஸ் வண்டிகளை நிறுத்தியதால் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இந்த மாதிரி விஷயத்தை வெளியிலிருந்து வருகிறவர் பிடிக்க முடியாது, கம்பெனிதான் பிடிக்க வேண்டும். 1987-இல் ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெர்ரி முன்கதவைத் திறந்துவைத்தபடியே கிளம்பி, கவிழ்ந்து, 193 பேர் இறந்தார்கள். விசாரணையில் கதவை மூடாதவனோடு கரையில் இருந்த நிர்வாகத்தின் மீதும் சேர்த்துத் தவறு சொன்னார்கள். அதிலிருந்து வந்ததுதான் கம்பெனியின் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.எம். கோட், 1998-இலிருந்து படிப்படியாகக் கட்டாயம் ஆனது. கப்பலில் உள்ள கடைசி ஆளும் நேரே கூப்பிடக்கூடிய ஒருவர் கம்பெனியில் இருக்க வேண்டும், அவர்தான் டி.பி.ஏ. அவர் நம்பர் மெஸ் ரூமில் ஒட்டியிருக்கும். தம்பிகளே, ஏறின முதல் நாளே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வில்லாபுரம், இல்லத்தரசி:

என் வீட்டுக்காரர் ஃபிட்டர். வளைகுடாப் பக்கம் ஒரு சின்னக் கப்பல். சம்பளம் நின்றுபோனது, பிறகு சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அனுப்பிய ஏஜெண்டைத் தேடிப் போனால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

அவரோடு இருந்த ஒருவர் சொல்லித்தான், மெஸ்ஸில் ஒட்டியிருந்த இன்சூரன்ஸ் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டு மாதச் சம்பளம் தராமல் விட்டாலே அது கைவிடப்பட்ட கப்பல் கணக்கில் வரும். எம்.எல்.சி. 2006 என்ற கடல் தொழிலாளர் ஒப்பந்த விதியில் 2017-இலிருந்து நாலு மாதச் சம்பளம் வரைக்கும், ஊருக்குத் திரும்பும் செலவும் அந்த இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும். டி.ஜி. ஷிப்பிங்குக்கும் ஐ.டி.எஃப். என்ற உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்கும் எழுதினோம். அந்தத் துறைமுக அதிகாரி ஏறி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, முதல் வேலையாகத் தண்ணீரும் அரிசியும் ஏற்ற வைத்தார். என் வீட்டுக்காரர் போனில் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். பணம் முழுவதும் வரவில்லை, ஆள் வந்துவிட்டார்.

பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன். ஆர்.பி.எஸ்.எல். (கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும்) லைசென்ஸ் இல்லாத ஏஜெண்ட் என்றால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர் வேலை வாங்கிக்கொடுக்கப் பணம் கேட்கவே கூடாது.

செக்கானூரணி, ஜி.பி. ரேட்டிங் முடித்தவன்:

அக்கா, நான் மாலுமிப் பயிற்சி முடித்தவன். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒருத்தர் அடுத்த வாரமே கப்பல் என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். ஆபீஸ் பெரிதாகத்தான் இருக்கிறது.

வில்லாபுரம், இல்லத்தரசி:

ஆபீஸைப் பார்க்காதே தம்பி, பட்டியலைப் பார். இப்போதே பார்.

செக்கானூரணி, ஜி.பி. ரேட்டிங் முடித்தவன்:

பார்த்துவிட்டேன் அக்கா, பெயர் இல்லை. பாஸ்போர்ட்டும் சி.டி.சி.யும் (மாலுமி அடையாளப் புத்தகம்) அவரிடம்தான் இருக்கிறது. காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கப் போகிறேன்.

உசிலம்பட்டி, போசன்:

தனியாகப் போகாதீர்கள் தம்பி. நான் லீவில்தான் இருக்கிறேன், ஒன்பது மணிக்கு நானும் வருகிறேன்.