தரம் 9 விஞ்ஞானத்துக்கு ஸ்க்ரம் முறை: திருகோணமலைப் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா?

உப்புவெளி டீச்சர்:
இந்தத் தவணைச் செயற்றிட்டத்துக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எடுத்திருக்கிறோம். ஏழு கிணற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். ஏன் என்று பிள்ளைகளே தேட வேண்டும் என்பது என் ஆசை. மென்பொருள் ஆட்கள் பாவிக்கும், குழுவே வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைப்படி, 'செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது' என்று சுவரில் மூன்று நிரல் போட்டு, வேலைகளைத் தாளில் எழுதி ஒட்டியாயிற்று. ஆனாலும் "டீச்சர், அடுத்து என்ன செய்யிறது?" என்று என்னிடமே வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். பாடவேளையோ 40 நிமிடம். எதை மாற்றலாம்?

மூதூர் ஆசிரியர்:
தரம் 9இல் தொடங்கியது நல்லது. பத்துக்குப் போனால் சாதாரண தரப் பரீட்சை நெருக்கும், பெற்றோர் விடமாட்டார்கள்.

கிண்ணியா கணித சேர்:
டீச்சர், அந்தத் தாள்களைப் பிள்ளைகளே எழுதட்டும். நெதர்லாந்தில் வில்லி வைனாண்ட்ஸ் என்ற ஆசிரியர் தொடங்கிய எடுஸ்க்ரமில் (ஸ்க்ரமின் வகுப்பறை வடிவம்) என்ன படிப்பது, ஏன் படிப்பது என்பது ஆசிரியர் கையில். எப்படி என்பது முழுக்கக் குழுவின் பொறுப்பு.

போன தவணை இடை (சராசரி), இடையம் (நடுப் பெறுமானம்) படிப்பிக்க மீன் சந்தை விலைகளைச் சேகரிக்க விட்டேன். வகுப்பில் வாயே திறக்காத பையன், தகப்பன் கடற்றொழில், "அறுக்குளா காலை விலையா, பின்னேர விலையா எழுதுறது?" என்று கேட்டான். குழு அந்த இடத்திலேயே அட்டவணையைக் கிழித்துப்போட்டு இரண்டு நிரலாக மாற்றியது. நான் திட்டம் போட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

அந்தக் கெட்டிக்காரிக்கு மருந்து இருக்கிறது: ஒரு ஆள், ஒரு நேரத்தில் ஒரு தாள். அது 'முடிந்தது' பக்கம் போனால்தான் அடுத்தது. எப்போது முடிந்தது என்பதையும் முதலே அவர்கள் எழுதி வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றபடி தங்களுக்குள் கதைக்கும்போது நீங்கள் பின் சுவரோரம் நில்லுங்கள். முன்னால் நின்றால் உங்களுக்குத்தான் ஒப்புவிப்பார்கள். வாரக் கடைசியில் 'எது சரிவந்தது, எது வரவில்லை' என்று பேசும் பத்து நிமிடத்தை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். நேரம் போதாவிட்டால் முதலில் பறிபோவது அதுதான், பிள்ளைகள் வளர்வதும் அங்கேதான்.

உப்புவெளி டீச்சர்:
நன்றி சேர். திங்கட்கிழமை வெற்றுத் தாள்களோடு போகிறேன். புள்ளி எப்படிப் போடுவீர்கள்?

கிண்ணியா கணித சேர்:
குழுவுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. அப்புறம், கன்னியாவுக்கு விடியவே போங்கள். ஆட்கள் வாளியால் அள்ளிக் குளிக்கத் தொடங்கமுன், ஒரே வெப்பமானியால் ஏழையும் அளக்கட்டும்.